டைனோ கொழும்பில, டியூனர் ரொறன்ரோவில: காரில என்னென்ன பாக்கவேணும்?

கோண்டாவில் பொடியன்:
அண்ணைமார், என்ர சுபாரு இம்ப்ரெசாவுக்கு (ஈஜே20 ரேர்போ) புது ஈசியூ (எஞ்சினை நடத்துற கொம்பியூட்டர்) பூட்டியாச்சு. டைனோ (காரை உருளையில ஓடவிட்டுப் பவர் அளக்கிற மெசின்) கொழும்பில. ஈசியூவை டியூன் பண்ணுறவர் ரொறன்ரோவில இருந்து இன்ரர்நெற்றில லப்டொப்புக்குள்ளால வருவார். 400 கிலோமீற்றர் போய்ச் சும்மா திரும்பி வர ஏலாது. இஞ்ச யாழ்ப்பாணத்திலயே என்னென்ன பாத்து முடிக்கிறது?

சுன்னாகம் கராஜ்:
தம்பி, அவருக்கு உங்கட எஞ்சின்ர சத்தம் கேக்காது, மணம் தெரியாது. சென்சர் சொல்லுறதுதான் அவருக்குத் தெரியும். அதால முதல் வேலை, புகையில ஒக்சிசன் எவ்வளவெண்டு அளக்கிற வைட்பாண்ட் ஒக்சிசன் சென்சர். டாஷ்போர்ட்டில மீற்றர் காட்டினாக் காணாது. வயர் ஈசியூவுக்குப் போய், மீற்றரில நிக்கிற லாம்டாவும் (காத்து-பெற்றோல் கலவை எண்) லப்டொப்பில வாறதும் ஒண்டா இருக்கவேணும். இல்லாட்டி அவர் பிழையான எண்ணை நம்பிப் பெற்றோலைக் குறைப்பார், பிஸ்டன் உருகும்.

பிறகு கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கிற அழுத்தம். ஒரு சிலிண்டர் மற்றதுகளை விட 10 வீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா டைனோவை விட்டுட்டு எஞ்சினைப் பாருங்கோ. ரேர்போக் காத்தைக் குளிராக்கிற இன்ரர்கூலரின்ர குழாயளுக்குப் புகை அடிச்சு ஒழுக்குப் பாருங்கோ. புது பிளக் போடுங்கோ. எங்கட உப்புக்காத்துக்கு எர்த் வயர் முனையெல்லாம் பச்சை பிடிக்கும், கழட்டித் தேய்ச்சுப் பூட்டுங்கோ. எர்த் பிழைச்சா சென்சர் எல்லாம் பொய் சொல்லும்.

ஏலுமெண்டா காரை லொறியில ஏத்திக் கொண்டு போங்கோ. ஓடித்தான் போறதெண்டா பூஸ்ட் (ரேர்போ அழுத்தம்) ஏத்தாம மெதுவாப் போங்கோ.

நெல்லியடி:
சுபாருவுக்கு நாலு சில்லும் இழுக்கும். ரெண்டு சில்லு டைனோ சரிவராது, முதல்ல கேட்டு வையுங்கோ. லப்டொப்பில ஸ்லீப்பையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிப்பாட்டுங்கோ. கேபிள் இன்ரர்நெற்தான் நல்லது; வேற கொம்பனி சிம் ஒண்டு ஹொட்ஸ்பொட்டுக்கு. பற்றரிக்குச் சார்ஜர் கட்டாயம். நேரத்தையும் யோசியுங்கோ: இஞ்ச காலமை 8 எண்டா, கோடையில அங்க முதல்நாள் இரவு 10:30. பின்னேரம் 5:30 எண்டா அவருக்குக் காலமை 8, தெளிவா இருப்பார்.

கோண்டாவில் பொடியன்:
பெற்றோல் ஒக்ரேன் 92 ஓ 95 ஓ அண்ணை?

சுன்னாகம் கராஜ்:
பிறகு எதை அடிச்சு ஓடுவீங்களோ அதை. 95 க்கு டியூன் பண்ணிப்போட்டு 92 அடிச்சா பெற்றோல் தன்பாட்டில வெடிச்சு எஞ்சின் தட்டும். எந்த நேரமும் 95 கிடைக்குமெண்டு நம்பிக்கை இல்லாட்டி 92 க்கே செய்விக்கலாம். பவர் கொஞ்சம் குறையும், எஞ்சின் தப்பும்.

டைனோவில காரை ஓட்டுறவருக்கு இதைச் சொல்லி வையுங்கோ: இன்ரர்நெற் லைன் அறுந்தாலோ எஞ்சின் தட்டுற சத்தம் கேட்டாலோ, ஆரையும் கேக்காம அக்சிலேற்றரில இருந்து காலை எடுக்கவேணும்.