நுவரெலியாவில் ட்ரைக்கோமோனாஸ் குறைவா, நாம்தான் பார்க்கவில்லையா?

தேயிலைமலை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையின் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் ஆண்டறிக்கைகளில் வரும் ட்ரைக்கோமோனியாசிஸ் (ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் பாலியல் தொற்று) எண்ணிக்கைகளை வைத்து மாவட்ட வரைபடம் ஒன்று தயாரிக்கிறேன். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்பகுதிகளைத்தான் குறிப்பாகப் பார்க்க விருப்பம். எண்ணிக்கையை மாவட்டச் சனத்தொகையால் வகுத்து நிறம் தீட்டினால் போதுமா? எண்கள் சிறியவை, வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகின்றன. ஆண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் விளங்கவில்லை.

நுணுக்குக்காட்டி

போதாது. அப்படிச் செய்தால் கிளினிக் எங்கே இருக்கிறது, அங்கே கண்ணாடித்தட்டை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார்கள் என்பதன் வரைபடம்தான் கிடைக்கும்.

ஈரப்பூச்சு முறையில், யோனிச் சுரப்பை ஒரு துளி 0.9 சதவீத உப்புக்கரைசலில் கலந்து, மூடித்தட்டு வைத்து, 100 மடங்கில் தேடி 400 மடங்கில் உறுதி செய்கிறார்கள். ஒட்டுண்ணியின் நீளம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர், கிட்டத்தட்ட வெண்குருதிக் கலத்தின் அளவு. துடித்துத் துடித்து நகர்வதை வைத்துத்தான் அதைப் பிரித்தறிகிறோம். அசைவு நின்றுவிட்டால் வெண்குருதிக் கலங்களுக்கு நடுவே மறைந்துபோகும், "இல்லை" என்று எழுதப்படும்.

மலைநாட்டில் சிக்கல் இங்கேதான். மாதிரி எடுத்த 10 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் வைத்திருந்தால் கண்டறியும் திறன் 20 சதவீதம் வரை விழும். குளிரிலும் அசைவு மந்தமாகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. காலையிலிருந்து மேசையில் கிடந்த கரைசலும் கண்ணாடித்தட்டும் ஒட்டுண்ணியை முடக்கிவிடும். கரைசலை 37 பாகையில் வைத்து எடுத்து, தட்டையும் இளஞ்சூடாக்கிக்கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். தோட்டத்தில் மாதிரி எடுத்து வளைவுப் பாதையில் டவுனுக்கு அனுப்புவதென்றால் ஈரப்பூச்சை மறந்துவிடுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் போட்டு அனுப்ப வேண்டும், அல்லது பி.சி.ஆர். வகை (ஒட்டுண்ணியின் மரபணுப் பொருளைத் தேடும்) பரிசோதனைக்கு உரிய குழாயில்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தொற்றுள்ள 100 பெண்களில் 50 முதல் 65 பேரைத்தான் ஈரப்பூச்சு பிடிக்கும். ஆண்களில் அது மிகவும் மோசம். அவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே கிடையாது, கிளினிக்குக்கு வரவும் மாட்டார்கள். ஆகவே உங்கள் அட்டவணையில் ஆண்கள் குறைவாக இருப்பதை நோய்ப் பரவலின் தன்மை என்று எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் "என்ன முறையில் பார்த்தது" என்ற நிரல் கட்டாயம் வேண்டும். ஈரப்பூச்சிலிருந்து பி.சி.ஆருக்கு மாறிய வருடத்தில் எண்ணிக்கை தானாக ஏறும். வருடப் போக்கைக் காட்டும் கோட்டை அந்த வருடத்தில் வெட்டி, புதுக் கோடாகத் தொடங்குங்கள்.

லயத்துவாசல்

மேலே சொன்னதெல்லாம் கிளினிக்குக்கு வந்தவர்களின் கணக்கு. வராதவர்கள்தான் பெரிய பகுதி. தொற்றுள்ளவர்களில் 70 முதல் 85 சதவீதம் பேருக்கு அறிகுறி இல்லை, அல்லது மிகச் சொற்பம். வெள்ளைப்படுதல் இருந்தாலும் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாள் பேரை (அன்றைய வேலைக் கூலியை) விட்டுவிட்டு, பஸ் பிடித்து மாவட்ட பாலியல் நோய் கிளினிக்குக்கு வருவது இலேசான காரியமில்லை. பக்கத்து டிஸ்பென்சரியிலேயே இதற்கான மருந்தான மெட்ரோனிடசோல் வாங்கிவிடுவார். பரிசோதனை இல்லாமல் குணமாகும் இந்த நோயாளி எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

டெங்கு, எலிக்காய்ச்சல் போல இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இல்லை. கர்ப்பிணிகளுக்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம். அந்த இரண்டும் தாயிலிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் அளித்தது. ட்ரைக்கோமோனாசுக்கு அப்படி ஒரு வலை இல்லை. இது குறைமாதப் பிரசவத்தோடும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுவதோடும் தொடர்புடையது என்பதால் இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

வயதையும் கவனியுங்கள். கிளமீடியா என்ற இன்னொரு பாலியல் தொற்று இளவயதில் கூடுதல். ட்ரைக்கோமோனாஸ் 40 தாண்டிய பெண்களிடமும் நன்றாகவே இருக்கும். எனவே 35, 45 வயதுப் பெண்களை அழைக்கும் வெல் வுமன் கிளினிக்தான் தோட்டப்பகுதியில் மாதிரி எடுக்கப் பொருத்தமான இடம். அறிகுறி பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், வருகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு எடுத்தால் வகுஎண் (மொத்தம் எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது) கையில் இருக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். பாப் பூச்சில் (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை) தற்செயலாகத் தென்பட்டதை மட்டும் உறுதிப்படுத்தாமல் எண்ணாதீர்கள், அதில் பிழைகள் உண்டு.

தேயிலைமலை

நன்றி அக்கா. சனத்தொகைக்குப் பதிலாகப் பரிசோதிக்கப்பட்டவர் தொகையால் வகுக்கிறேன். ஒரு பிரிவுக்கு எத்தனை மாதிரி இருந்தால் ஒப்பிடலாம்? அதே பெண் இரண்டு மாதத்தில் மறுபடி வந்தால் அது புதிய தொற்றா?

வகுஎண்

கணக்குக்காக எண் ஒன்று எடுப்போம். 400 பெண்களை ஈரப்பூச்சில் பார்த்ததில் 12 பேருக்கு உண்டு, அதாவது 3 சதவீதம். பரிசோதனையின் திறன் 55 சதவீதம், தவறாக "உண்டு" சொல்வது அநேகமாக இல்லை என்று கொண்டால் 3 ÷ 0.55, உண்மை அளவு 5.5 சதவீதம். ஆனால் அந்த 3 சதவீதத்தின் 95 சதவீத நம்பக இடைவெளியே (தற்செயல் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்தால் அளவு இருக்கக்கூடிய எல்லை) 1.7 முதல் 5.2 வரை. திருத்திய பின் 3.1 முதல் 9.4 வரை விரியும். மாதிரிகள் சில தோட்டங்களிலிருந்தே கொத்தாக வந்திருந்தால் 400 என்பது 200க்குச் சமமாகக்கூடும், இடைவெளி இன்னும் அகலும். இந்த நிலையில் நுவரெலியா 5, இரத்தினபுரி 7 என்று இரண்டு நிறம் தீட்டுவது வாசகரைத் தவறான பக்கம் திருப்பும். மூன்று வருடத் தரவைச் சேர்த்து, மாவட்ட மட்டத்தில், இடைவெளியோடு காட்டுங்கள்.

திரும்பி வருபவர் விஷயத்தில் விதியை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். கணவர் கொழும்பில் வேலை, மருந்து மனைவிக்கு மட்டும் போயிருக்கிறது என்றால், அவர் விடுமுறைக்கு வந்து போனதும் தொற்று மீண்டும் வரும். பெண்களுக்கு 400 அல்லது 500 மில்லிகிராம் மெட்ரோனிடசோல், நாளைக்கு இரு தடவை, 7 நாள். துணைவருக்கும் அதே காலத்தில் சிகிச்சை. மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. துணைவர் சிகிச்சை பெறாதவரின் மறுவருகையைத் தனிக் குறியீட்டில் போடுங்கள், புதிய தொற்றில் சேர்க்காதீர்கள். உண்மையில் கிளினிக்கின் "புதிய நோயாளி" என்பதே புதிய தொற்று ஆகாது. சிகிச்சையில்லாமல் இது மாதக்கணக்காக, வருடக்கணக்காகக்கூட உடம்பில் தங்கும்.

முகவரி விஷயம் உங்களை நிச்சயம் அலைக்கழிக்கும். ஒரே தோட்டத்தை மும்மொழியிலும் மூன்று விதமாக எழுதுவார்கள், "மேற்பிரிவு" என்று மட்டும் போட்டிருப்பதும் உண்டு. தோட்டப் பெயர்களுக்கு ஒரு குறியீட்டுப் பட்டியல் செய்து, கிளினிக் இருக்கும் இடத்துக்கு அல்லாமல் வசிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குப் பதியுங்கள்.

லயத்துவாசல்

தம்பி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 5க்குக் குறைந்த எண்ணிக்கையை வெளியே காட்டாதீர்கள், தோட்டப் பெயரோடு எதையுமே காட்டாதீர்கள். இருபது வீட்டு லயத்தில் "ஒரு பெண், 38 வயது" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். வருடக்கணக்காகத் தங்கக்கூடிய தொற்று என்பதால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று பரிசோதனை முடிவை வைத்துச் சொல்லவே முடியாது. இதை வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.