“நான் ‘நபர்’ அல்ல” என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் வருமான வரி கிடையாதா?

அவிநாசி பவர்டேபிள்

அனைவருக்கும் வணக்கம். அவிநாசியில் 12 தையல் இயந்திரங்கள் வைத்துத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறேன். 2023-24 நிதியாண்டில் வந்த கூலி ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய். அத்தனையும் வங்கி வழியாகத்தான் வந்தது. கம்பெனிக்காரர்கள் ஒரு சதவீதம் டிடிஎஸ் (கூலி கொடுக்கும்போதே பிடித்துத் துறைக்குக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரத்தில் என் மச்சினன் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனான். அங்கே பேசியவர் தம்மை வரிச் சட்ட ஆராய்ச்சியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவின்படி சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வாங்க முடியாது, பான் அட்டை என்பது நாமாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு “நான் வருமான வரிச் சட்டம் சொல்லும் ‘நபர்’ அல்ல” என்று 100 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி வைத்து அனுப்பினால் துறை நம்மைத் தொட முடியாது என்றார். மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தீரன் சின்னமலை மறித்த மண் இது என்று அவர் சொன்னபோது மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

கட்டணம் 25,000 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது தரவில்லை. அந்த ஆண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. இப்போது துறையின் இணையதளத்தில், டிடிஎஸ் பிடிக்கப்பட்டும் கணக்குத் தாக்கலாகவில்லை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அவருக்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. அவர் சொன்னதில் ஏதாவது உண்மை உண்டா, எனக்குச் சிறை வருமா, கொடுத்த பணம் திரும்புமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். மச்சினனிடம் கேட்டால், “பொறுங்க மாமா, நான் சேர்த்துவிட்ட பதினோரு பேரும் தைரியமாத்தான் இருக்காங்க” என்கிறான்.

ஈரோடு கணக்குப்பிள்ளை

தம்பி, நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். சிறையைப் பற்றிய பயத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் உங்கள் எண்களைப் பார்ப்போம்.

265-ஆம் பிரிவு மெய்யாகவே இருக்கிறது. ஆனால் அது சட்டமில்லாமல் வரி கூடாது என்கிறதே தவிர, வரியே கூடாது என்று சொல்லவில்லை. வேளாண்மை வருமானம் நீங்கலான மற்ற வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 82-ஆம் இனம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தில் நிறைவேறியதுதான் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். ‘நபர்’ யார் என்று அதன் 2(31) பிரிவு பட்டியலிடும்போது முதலில் வருவதே தனிமனிதர்தான். உயிரோடு இருக்கும் மனிதர் முத்திரைத்தாளில் எழுதி அதிலிருந்து விலகிக்கொள்ள வழி கிடையாது. பான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாலும் பிடித்த டிடிஎஸ், துறை வைத்திருக்கும் வரிப் பதிவான 26ஏஎஸ் படிவத்தில் நிற்கும். அதோடு, பான் இல்லாதவருக்கு ஒரு சதவீதத்துக்குப் பதிலாக 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருப்பதால், அடுத்த மாதமே ஜாப் ஒர்க் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வராது.

இனி உங்கள் வரி. சிறு தொழில்களுக்கு இலாபத்தை உத்தேசமாகக் கணக்கிடும் 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டினால் வங்கி வழி வந்த 60 லட்சத்தில் 6 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய், இலாபமாகக் கொள்ளப்படும். (உண்மையான இலாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்டுவதே முறை.) புதிய வரி முறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு வரியையே தள்ளுபடி செய்யும் 87ஏ கழிவு இருந்ததால், வேறு வருமானம் இல்லையென்றால் உங்கள் வரி பூஜ்யம். பிடித்த டிடிஎஸ் 60,000 ரூபாயும் உங்களுக்குத் திரும்ப வந்திருக்க வேண்டிய பணம். இல்லாத வரியிலிருந்து தப்பிக்க 25,000 ரூபாய் கொடுத்து, வர வேண்டிய 60,000 ரூபாயையும் கோட்டைவிட்டிருக்கிறீர்கள்.

தாமதக் கணக்குக்கான காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் தாக்கல் செய்ய இடம் தரும் 139(8ஏ) பிரிவின் புதுப்பித்த கணக்கில் பணம் திரும்பக் கேட்க முடியாது. எனவே 119(2)(பி) பிரிவின்படி தாமதத்தை மன்னிக்குமாறு வருமான வரி ஆணையருக்கு உங்கள் ஆடிட்டர் மூலம் மனுக் கொடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அதற்கு இடமுண்டு. மனு ஏற்கப்படும் என்று உறுதி சொல்ல மாட்டேன், தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். சிறையைக் கேட்டீர்கள்: டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தாண்டாத தனிமனிதர் மீது, கணக்குத் தாக்கல் செய்யாததற்கான 276சிசி வழக்கு வராது.

சின்னமலை பற்றி ஒரு சொல். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று, வரிப்பணம் கொண்டுபோனவர்களிடம் அவர் போய்ச் சொல்லச் சொன்னதாகத்தான் நம் ஊர்க் கதை. அவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். மண்டபத்தில் பேசியவர் தந்த படிவத்தில் அவருடைய கையெழுத்து எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கோபி டு டல்லாஸ்

இந்தச் சரக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. பான் அட்டைக்குப் பதில் இங்கே சமூகப் பாதுகாப்பு எண், 265-ஆம் பிரிவுக்குப் பதில் வருமான வரிக்கு இடம் தந்து 1913-இல் ஏற்கப்பட்ட 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்; மற்றபடி பேச்சு ஒன்றுதான். இங்குள்ள நீதிமன்றங்கள் இந்த வாதங்களைப் பல பத்தாண்டுகளாகத் தள்ளுபடி செய்துவருகின்றன. இப்படிப்பட்ட அற்ப வாதத்தை எழுதிக் கணக்குத் தாக்கல் செய்தாலே 5,000 டாலர் அபராதம்.

நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ் வழக்கைப் பலர் அறிந்திருப்பீர்கள். கணக்குத் தாக்கல் செய்யாத குற்றத்துக்கு 2008-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. மோசடி, சதி ஆகிய பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. அவருக்கு இந்த வழியைக் காட்டி, அதையே தொழிலாக நடத்திய எட்டி ரே கான் என்பவருக்கோ அதே வழக்கில் பத்தாண்டுகள். நம்பியவருக்கு மூன்று, விற்றவருக்குப் பத்து.

இந்தப் பேச்சுக்கு இங்கே முன்னோடியான இர்வின் ஷிஃப் தம் எண்பத்தேழாம் வயதில், 2015-இல், சிறைக்கைதியாகவே இறந்தார். நான் இருக்கும் டல்லாஸை அடுத்த ஃபோர்ட் வொர்த்தில்தான் அவர் அடைக்கப்பட்டிருந்த சிறை இருக்கிறது.

விற்பவர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்றும் உண்டு. சீக் என்ற விமானி வழக்கில், சட்டத்தை மனமார தவறாகப் புரிந்துகொண்டவரிடம் குற்ற நோக்கம் இல்லாதிருக்கலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரிச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று நம்பியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மறு விசாரணையில் அவர் தண்டிக்கவும் பட்டார். பின்பாதியை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வழியை விற்பவர்கள் மேல் இங்கே அரசு முதலில் கேட்பது, தொழிலை நிறுத்தச் சொல்லும் தடையாணை. அதோடு சேர்த்து, வாடிக்கையாளர் பட்டியலை ஒப்படைக்குமாறும் ஆணை வாங்குவது வழக்கம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள்.

கோவை வழக்கறிஞர்

மேலே இருவரும் சொன்னவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. மச்சினன் பதினோரு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறார். சும்மாவா சேர்த்தார்?

பொய் என்று தெரிந்தோ, உண்மை என்ற நம்பிக்கை இல்லாமலோ இன்னொருவரை வருமானம் பற்றிய பொய்க் கணக்கோ உறுதிமொழியோ கொடுக்கத் தூண்டுவதும், வரி ஏய்ப்புக்குத் தூண்டுவதும் வருமான வரிச் சட்டத்தின் 278-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 2025-இல் இருந்த விதிப்படி, ஏய்க்க முயன்ற வரி 25 லட்சத்தைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரையும், மற்றபடி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையும் கடுங்காவல். தூண்டியவருக்கு வரி பாக்கி இருக்க வேண்டும் என்பதில்லை. தூண்டப்பட்டவரின் கணக்குதான் பார்க்கப்படும். உங்களுக்கு வரி பூஜ்யமாக இருக்கலாம், அந்தப் பதினொருவரில் நூல் வியாபாரியோ சாயப்பட்டறைக்காரரோ இருந்தால் அவர்களுக்கும் பூஜ்யமாகவா இருக்கும்? வரி பாக்கியுள்ளவர்கள், மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்குவதற்கு முன் புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்துவிடுவது நல்லது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 50, 60, 70 என்று ஏறும்.

ஆள் சேர்த்ததற்குத் தரகு வாங்கியிருந்தால், 1978-ஆம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டமும் குறுக்கே வரக்கூடும். 2012-இல் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது, சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டவர்கள் கல்யாணம் காது குத்துக்குக்கூட முகம் காட்ட முடியாமல் அலைந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் 25,000 ரூபாய்க்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாததால் கூட்ட அழைப்பு, வாட்ஸ்அப் செய்திகள், படிவத்தின் மூலப்படி எதையும் அழித்துவிடாதீர்கள். ஆனால் அந்தப் புகாரில் மச்சினன் பெயர் வராமல் எழுத முடியாது. அவர் தமக்கென்று தனி வழக்கறிஞரைப் பார்ப்பது உத்தமம்.

அவிநாசி பவர்டேபிள்

எல்லோருக்கும் நன்றி. படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து நான்கு இடங்களில் இருக்கிறது, நோட்டரி முத்திரை இருக்கிறது, அவர் பெயர் எங்குமே இல்லை. 119 மனுவுக்காகத் திங்கட்கிழமை ஆடிட்டரைப் பார்க்கிறேன்.

நேற்றிரவு மச்சினனை வீட்டுக்கு வரச்சொல்லி, வழக்கறிஞர் ஐயா எழுதியதை அவனையே வாசிக்க வைத்தேன். ஆளுக்கு 5,000 ரூபாய் வாங்கியதாக ஒப்புக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தான். அதில் முதல் பெயர் என்னுடையது.