மறு: ‘டபுளிங் கியூப்’ தமிழில் என்ன? (இரட்டிப்பு சரிப்படவில்லை)

அனுப்பியவர்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

குழுவினருக்கு வணக்கம்.

நம் பேக்கேமன் செயலியில் ‘டபுளிங் கியூப்’புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் கேட்டதற்கு வந்து குவிந்த சொற்கள்: இரட்டிப்புப் பகடை, மடங்குப் பகடை, பெருக்குக்கட்டை, பந்தயக்கட்டை. எல்லாமே நல்ல தமிழ்தான். ஆனால் ஒன்றுகூட ஆட்டத்துக்குள் போய் உட்காரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், பேக்கேமன் ஆடாதவர்களுக்காக நாலு வரி.

இரண்டு பேர் ஆட்டம். ஆளுக்கு 15 காய், பலகையில் 24 வீடு, உருட்ட இரண்டு பகடை. இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓட்டுவார்கள். எல்லாக் காயையும் தன்னுடைய கடைசி ஆறு வீட்டுக்குள் கொண்டுவந்து, முதலில் வெளியே எடுத்து முடிப்பவர் வென்றார். ஒற்றையாக நிற்கும் காயை வெட்டலாம். தாயம் ஆடிய யாருக்கும் இதில் அதிசயம் இல்லை. அதிசயம் பலகை ஓரத்தில் கிடக்கும் இன்னொரு கனசதுரம், அதுதான் டபுளிங் கியூப். முகங்களில் 2, 4, 8, 16, 32, 64 என்று இருக்கும். 1920களில் நியூயார்க்கில் யாரோ ஒருவர் கிளப்பிவிட்டது. ஆட்டத்தின் நடுவே கை ஓங்கியவர், தன் முறை வந்ததும் பகடை உருட்டுவதற்கு முன், ‘பணயத்தை இரண்டாக்குகிறேன், சம்மதமா?’ என்று அதை எதிராளி பக்கம் நகர்த்துவார். எதிராளி ஒப்புக்கொண்டு ஆட வேண்டும். இல்லாவிட்டால் அதுவரை இருந்த பணயத்தைத் தோற்றதாக எழுதிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்தக் கனசதுரம் அவருடையது. அடுத்து நாலாக்கும் உரிமை அவருக்கு மட்டுமே.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘பகடை’, ‘கட்டை’ இரண்டும் உருட்டுகிற பொருளைச் சொல்லும் சொற்கள். இதை யாரும் உருட்டுவதில்லை. சோதனைக்கு ஆட வந்த ஒருவர், மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடினார். ‘இரட்டிப்புப் பகடை’ என்று எழுதியிருந்ததைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “உருள மாட்டேங்குதே தம்பி, ஆப்பு தொங்கிடுச்சா?” என்றார். தப்பு அவருடையதா, சொல்லினுடையதா?

‘இரட்டை’யில் இன்னொரு வில்லங்கம். இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் நம் ஆட்கள் வாயில் தானாக வருவது ‘இரட்டை விழுந்துச்சு’ என்பதுதான். அந்த எண்ணை நாலு தடவை நகர்த்தலாம் என்பதால் அது ஒரு கொண்டாட்டம். மூணு-மூணு விழுந்த சந்தோஷத்தில் ‘இரட்டிப்பு’ என்ற பொத்தானை அழுத்தி, அறியாமலேயே பணயத்தை ஏற்றியவர்கள் இரண்டு பேர். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. அவர்கள் பழகிவிட்டார்கள். நாம் ஏன் அதைச் சுமந்துகொண்டு வர வேண்டும்?

மூன்றாவதுதான் முக்கியம். ‘இரட்டிப்பு’ ஒரு செயலின் பெயர். இந்தக் கனசதுரமோ ஒரு சொத்து. யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே பாதி உத்தி நடக்கிறது. வந்த பின்னூட்டம் எல்லாவற்றிலும் ஒரே நோய்: ‘இரட்டிப்பு கேட்டார், மறுத்துவிட்டேன்’. பின்தங்கியிருக்கும்போது யாராவது பணயத்தைக் கூட்டினால் வேண்டாம் என்பது நம் இயல்பு. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

நூறு ஆட்டத்தில் நீங்கள் 25 மட்டுமே வெல்லக்கூடிய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறிலும் மறுத்தால் ஆட்டத்துக்கு ஒன்று வீதம் 100 புள்ளி போச்சு. நூறிலும் ஒப்புக்கொண்டால் 25 வெற்றிக்கு 50 வரவு, 75 தோல்விக்கு 150 செலவு. நிகரம் அதே 100. ஆக, 25க்கு மேலே எது இருந்தாலும் ஒப்புக்கொள்வதே லாபம். 30 வெல்ல முடிகிற நிலையில் எழுந்து போகிறவர் நூறு ஆட்டத்துக்கு 20 புள்ளியைக் கடலில் போடுகிறார். போதாததற்கு, ஒப்புக்கொண்டவர் கையில் கனசதுரம் வந்துவிடுகிறது. காற்று திரும்பினால் அவர் ஏற்றலாம். எதிராளி ஏற்ற முடியாது. ஆட்டம் துள்ளாமல் சீராக நகரும் என்று வைத்துக்கொண்டால், இந்த உரிமையின் மதிப்பால் எல்லை 20 வரை இறங்கும் என்று கணித அறிஞர்கள் கீலரும் ஸ்பென்சரும் 1975இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பகடை ஆட்டம் துள்ளும், அதனால் நிஜத்தில் 20க்கும் 25க்கும் நடுவே எங்கோ நிற்கும்.

ஏற்றுகிறவர் பக்கமும் அதே நோய்தான். வெற்றி உறுதியாகும் வரை காத்திருந்து ஏற்றுகிறார்கள். அப்போது எதிராளி சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார், ஒற்றைப் புள்ளிதான் மிச்சம். ஒப்புக்கொள்ளலாமா கூடாதா என்று எதிராளி நகத்தைக் கடிக்கிற நேரமே சரியான நேரம். வெட்டெல்லாம் முடிந்து வெறும் ஓட்டமாகிவிட்டால் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எல்லாக் காயும் சேர்த்து நான் இன்னும் நகர்த்த வேண்டியது 100 கட்டம், எதிராளி 108 என்றால் முதல் தடவை ஏற்றலாம். கனசதுரம் ஏற்கெனவே என் கையில் இருந்தால் 109 வரை பொறுக்க வேண்டும், கையை விட்டுப் போகிற உரிமைக்கு விலை அது. எதிராளி 112ஐத் தாண்டிவிட்டால் அவர் எழுந்து போவதே சரி.

இவ்வளவையும் பேசும்போது என் வாயில் என்ன வந்தது என்று கவனித்தேன். ‘அது யார்கிட்ட இருக்கு?’, ‘அது நடுவுல இருக்கு’, ‘அதை வாங்கிக்கிட்டேன்’. ‘அது’ என்ற இடத்தில் உட்காரும் பெயர்தான் நமக்கு வேண்டியது.

பெரிய மார்க்கெட் பக்கம் அப்பாவுக்கு வெங்காயக் கடை இருந்தது. தராசுத் தட்டு, ஓரத்தில் வரிசையாக எடைக்கற்கள். ‘அந்தக் கல்லை எடு, பெரிய கல்லைப் போடு’ என்பார். கல்லை யாரும் உருட்டுவதில்லை. வைப்போம், மாற்றுவோம், கை மாறும். ஆட்டம் எவ்வளவு கனம் என்று சொல்லத்தான் அந்தக் கனசதுரமும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: பணயக்கல். பேச்சில் வெறும் ‘கல்’.

வினைச்சொற்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லை ‘ஏற்று’ என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டு, பதிலுக்கு ‘ஏற்கிறேன்’ என்று வைத்தால் தொலைந்தோம். பேச்சில் ‘ஏத்து’வும் ‘ஏத்துக்கோ’வும் ஒன்றோடொன்று இடிக்காது, எழுத்தில் இரண்டும் ‘ஏற்று’ என்றே வந்து நிற்கும். ‘எடு’ என்று வைக்கலாமென்றால் காயை வெளியே எடுப்பதோடு மோதுகிறது. கடைசியில் எனக்குப் பட்டது: ஏற்று, வாங்கு, விடு. கல்லை ஏற்றினார், வாங்கினேன், விட்டேன்.

கிராஃபோர்டு விதிக்கும் இதிலேயே வழி கிடைத்தது. ஏழு புள்ளிப் போட்டியில் ஒருவர் ஆறைத் தொட்டதும், அடுத்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் கல் கிடையாது. இல்லையென்றால் பின்தங்கியவர், இழக்க ஒன்றுமில்லை என்று முதல் முறையிலேயே ஏற்றிவிடுவார். நம் செயலியில் அதன் பெயர் ‘கல்லில்லா ஆட்டம்’. விளக்கம் தேவையா சொல்லுங்கள்.

---

அனுப்பியவர்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

தம்பி,

உத்தி விளக்கம் நன்று. 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், 25க்கும் 100க்கும் நீங்கள் போட்ட கணக்கில் குறை கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். ஆனால் கல்லில் எனக்கு உடன்பாடு இல்லை.

எடைக்கற்கள் கூடும், பெருகாது. ஒரு கிலோவும் இரண்டு கிலோவும் வைத்தால் மூன்று கிலோ. உங்கள் கனசதுரம் 2, 4, 8 என்று மடங்கில் போகிறது. அதோடு கல் வைக்காத தட்டு பூஜ்யம். கல் அசையாத ஆட்டத்துக்கோ மதிப்பு ஒன்று. உவமை இரண்டு இடத்தில் ஓட்டை.

நான் ‘மடங்குப் பகடை’ என்றதற்குக் காரணம் இருந்தது. அதன் ஆறு முகத்துக்கும் 2ஐ அடிமானமாக வைத்து மடக்கை (லாகரிதம்) எடுத்துப் பாருங்கள்: 1, 2, 3, 4, 5, 6. சாதாரணப் பகடையேதான்! வேடம் மாறி வந்திருக்கிறது. ‘உருட்டாத பகடை’ என்று மறுக்கிறீர்கள். உருட்டாவிட்டாலும் பிறப்பால் பகடை. இந்த அழகைச் சொல் காட்ட வேண்டாமா?

‘பணயம்’ பற்றியும் ஓர் ஐயம். காதில் விழுந்ததும் எல்லாருக்கும் பணயக்கைதிதான் நினைவுக்கு வரும். மேலும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் செயலியில் வெறும் புள்ளிதான் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

பழஞ்சொல் தேடுவோருக்கு ஒரு செய்தி. புறநானூறு 52ஆம் பாட்டில், பாழடைந்த பொதியிலில் (ஊர்ப் பொதுமன்றத்தில்) நரைத்த முதியவர்கள் வல்லாடிய (சூதாடிய) இடம் வருகிறது. ‘நாய் இடக் குழிந்த வல்லின் நல்லகம்’. நாய் என்பது இங்கே சூதாடு கருவி. வைத்து வைத்து ஆடித் தரையே குழிந்துபோயிருக்கிறது. ஊர் அழிந்த பின் அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மீட்டெடுக்க ஆசைதான். ஆனால் ‘உங்கள் நாய் வெட்டப்பட்டது’ என்று கைபேசியில் செய்தி வந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

---

அனுப்பியவர்: குருசுக்குப்பம், புதுச்சேரி

சார், தம்பி, ரெண்டு பேருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவள் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வரும்போது ஒரு தோல் பெட்டியும் கொண்டுவந்தார். திறந்தால் அதுவே பலகை. அந்தக் கனசதுரத்துக்கு பிரெஞ்சில் பேர் விதோ. எங்கள் வீட்டில் யாரும் இரட்டிப்பு, மடங்கு என்றெல்லாம் சொன்னதில்லை. ‘விதோ எங்கிட்ட’, ‘விதோவத் தள்ளு’, அவ்வளவுதான். தம்பி சொல்வது அதனால் எனக்கு உடனே புரிந்தது. கையில் வைத்திருக்கிற சாமானுக்கு ரெண்டு எழுத்தில் பேர் வேண்டும். அஞ்சு எழுத்துப் பேர் வைத்தால் ஆடுகிறவர்கள் அதை ரெண்டாக வெட்டிக்கொள்வார்கள், நாம் கேட்டுக்கொண்டா வெட்டுவார்கள்.

சார், மடக்கைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பெரியப்பா அஞ்சாவது வரைதான் படித்தார், விதோவை எப்போது தள்ளணும் என்று அவருக்கு அத்துபடி. எடைக்கல் பெருகாது என்பது சரி. பெரிய கல்லை வைக்கும்போது சின்னக் கல்லை எடுத்துவிட்டுத்தானே வைக்கிறோம்? 2ஐ எடுத்துவிட்டு 4. கூட்டல் எங்கே வந்தது? பூஜ்ய விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியில் 1 என்ற முகமே கிடையாது; தொடக்கத்தில் 64ஐ மேலே வைத்து நடுவில் போடுவோம். ‘எடுத்தவுடனே அறுபத்துநாலா!’ என்று அம்மா அலறுவார். செயலியில் 1 என்று காட்டிவிட்டால் போயிற்று.

பணயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பந்தயம் என்றால் குதிரை ஓடுகிறது.

இன்னொன்று. தாயத்தில் கரை சேர்ந்த காயைப் பழம் என்கிறோம். இங்கேயும் வெளியே எடுத்த காய் பழமாகவே இருக்கட்டும். ஒரு பழம்கூட எடுக்காமல் தோற்றால் கல்லில் இருப்பதைப் போல இருமடங்கு கொடுக்கணும் இல்லையா, அதை நாங்கள் ‘பிஞ்சு’ என்போம். “பிஞ்சுல போயிட்டியே!” பெரியப்பா ஆறு மாதம் சொல்லிக் காட்டுவார்.

---

அனுப்பியவர்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பிஞ்சு! அக்கா, இதற்காக மூன்று வாரமாக ‘இருமடித் தோல்வி’, ‘முழுத்தோல்வி’ என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையே போட்டுவிட்டேன்.

சார், பணயக்கல்லையே வைக்கிறேன். நீங்கள் சொன்ன ஐயத்துக்காக, முதல் திரையிலேயே ‘இங்கே பணயம் என்பது புள்ளி மட்டுமே’ என்று ஒரு வரி சேர்த்தாயிற்று. மடக்கைச் செய்தி விளக்கப் பக்கத்தில் வருகிறது, உங்கள் பெயர் வேண்டாம் என்றால் சொல்லுங்கள். எதிராளி ஏற்றும்போது வரும் செய்தியையும் மாற்றினேன். முன்பு: ‘இரட்டிப்புக்குச் சம்மதமா? ஆம் / இல்லை’. இப்போது: ‘எதிராளி கல்லை 2க்கு ஏற்றுகிறார். வாங்கினால் கல் உங்களிடம் வரும். அடுத்து நீங்கள் மட்டுமே ஏற்றலாம். வாங்கு / விடு’. கடற்கரைச் சாலைக்காரர் நேற்று தோற்கிற ஆட்டத்தில் கல்லை வாங்கி, அதை எனக்கே 4ஆகத் திருப்பிவிட்டார். நான் விட்டுவிட்டு எழுந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பணத்துக்கு ஆடுகிற இடங்களில், ஏற்றிய கல்லை வாங்கின கையோடு, எதிராளி பகடை உருட்டுவதற்குள் மறுபடி ஏற்றி, கல்லையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘பீவர்’ என்று பெயர், அணை கட்டுமே அந்தப் பிராணி. அது நம் நீர்நாய் இல்லை. சாருடைய நாயை இதற்காவது பயன்படுத்தலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.