டெக்னிக்கல் ரிப்போர்ட் சம்மரி, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, பம்பு வைப்ரேஷன் பத்தி 40 பக்க ரிப்போர்ட் ரெடி, முன்னாடி வைக்க ஒரு பக்க சம்மரிதான் பாக்கி, அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். படிக்கப்போறவங்கள்ல பாதிப்பேர் மேனேஜருங்க, பம்பை நிறுத்தணுமா வேணாமா, எவ்ளோ செலவாகும், இது தெரிஞ்சா போதும் அவங்களுக்கு. மீதிப்பேர் மெயின்டனன்ஸ் ஆளுங்க, வெறுமனே அலைன்மென்ட் (பம்பு ஷாஃப்டும் மோட்டார் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்ல இருக்கறது) விலகியிருக்குன்னு எழுதினா ரீடிங் எங்கன்னு கேப்பாங்க.

சம்மரிய கடைசியா எழுதணும், ரிப்போர்ட்ல இல்லாத புது விஷயம் வரக்கூடாது, தனியா படிச்சாலே புரியணும், அதனால "படம் 6 பார்க்க"ன்னெல்லாம் போடக்கூடாது, இதெல்லாம் ஓகே. என் குழப்பம் வரிசைலதான். நோக்கம், டெஸ்ட் முறை, ரிசல்ட், பரிந்துரைன்னு போனா மேனேஜர் பாதிலயே மூடிடுவாரு (படிச்சா அதிசயம்!), அதனால பரிந்துரைய முதல் வரிலயே போட்டுடலாமா?

அப்புறம் வைப்ரேஷன் ரீடிங்ல, ரன்னிங் ஸ்பீடுக்கு (பம்பு சுத்தற வேகம்) ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சில பெரிய பீக் வந்துச்சு, அலைன்மென்ட்தான் காரணம்னு சொல்றதுக்கு முக்கிய ஆதாரமே அதான், அத சம்மரில ஒரு வரி சொல்றதா இல்ல உள்ளயே விட்டுடறதா? எக்ஸிக்யூட்டிவ் சம்மரி ஒண்ணு, டெக்னிக்கல் ஆளுங்களுக்கு 200 வார்த்தைல அப்ஸ்ட்ராக்ட் ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? சாம்பிள் இருந்தா கம்பெனி பேர அழிச்சிட்டு போடுங்க ப்ளீஸ்.