புதிதாக வந்த பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு 5 நாளாகச் சாப்பிடவில்லை, உதவுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பால் பைத்தான் குட்டி வீட்டுக்கு வந்தது. எடை 140 கிராம். எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. மூன்றடி மீன் தொட்டியில் தேங்காய் நார்த்தூள், ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) என்று வைத்திருக்கிறேன். இரண்டு தடவை சுண்டெலி கொடுத்தும் தொடவில்லை. பகலெல்லாம் மூலையில் சுருண்டு கிடக்கிறது, ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கிறது. பழகட்டும் என்று தினமும் அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்கிறேன். "பட்டினி போட்டே கொல்லப்போற" என்கிறார் அம்மா. எனக்கும் பயமாக இருக்கிறது.

கொளத்தூரிலிருந்து:
தம்பி, முதலில் கையில் எடுப்பதை நிறுத்து. பயந்தால் பந்தாக (ball) சுருள்வதால்தான் அதற்கு அந்தப் பெயரே. வந்த முதல் வாரம் சாப்பாடும் வேண்டாம், தொடவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்று.

அடுத்தது சூடு. அந்த ஹீட் மேட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடு. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாடி வீட்டு அறையே 35ஐத் தாண்டும், அதற்கு மேல் மேட் எதற்கு? நம் ஊரில் சூடேற்றுவதைவிட ஒரு பக்கத்தைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் பெரிய வேலை. கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானியை நம்பாதே. கம்பி வைத்த டிஜிட்டல் ஒன்றை வாங்கித் தரையில் வைத்துப் பார்.

ஒரே மறைவிடம் இருந்தால் அது சூட்டுக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வை. சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் உடைத்து, கூர் போகத் தேய்த்தால் போதும். உடம்பு சுவரில் உரசுகிற அளவு இடுக்காக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. தொட்டியின் மூன்று பக்கமும் அட்டை ஒட்டு.

பெரம்பூரிலிருந்து:
அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பாம்பு பிடிக்காவிட்டால் எலி பாம்பைக் கடித்துவிடும். உறைந்த எலியாக இருந்தால் நன்றாக இளக்கி, வெந்நீரில் சூடாக்கி, இருட்டிய பிறகு இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். 15, 20 கிராம் எலி போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறையாதவரை பட்டினி ஆபத்தில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் சளி வந்தாலோ காத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே விசாரியுங்கள்.

அப்புறம், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்தீர்களா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இது வருகிறது. 2024 விதிகளின்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அளந்து பார்த்தேன், மேட் மேல் 41 டிகிரி! நினைத்தாலே மனசு பதறுகிறது. கழற்றிவிட்டேன். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி உள் அறையில் வைத்து, இரண்டு சட்டி கவிழ்த்தேன். ஆவணங்கள் கேட்டிருக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து (9 நாள் கழித்து):
மூக்குத் தேய்ப்பது நின்றுவிட்டது. எடை 138. நேற்று எலி காட்டலாம் என்று பார்த்தால் கண் இரண்டும் பால் போல வெளுத்திருக்கிறது. நோயா?

கொளத்தூரிலிருந்து:
தோல் உரிக்கப்போகிறது தம்பி. ஏசி போடாதே, காற்று காய்ந்துவிடும். ஈரமான பாசி வைத்த டப்பா ஒன்றை உள்ளே வை. முழுசாக உரித்த பிறகு எலி கொடு.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
உரித்துவிட்டது, ஒரே துண்டாக! நேற்று ராத்திரி பத்தரைக்கு சட்டி வாசலிலிருந்தே எலியைப் பிடித்துக்கொண்டது. அம்மாவும் கூட நின்று பார்த்தார்.