மறு: ஃபெயில்ஓவருக்கு என்ன சொல் போடலாம்?

நாகர்கோவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். தோவாளைப் பூக்கடைகளுக்கான பில் மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தரவுத்தளம் மேகத்தில், அதாவது இணையம் வழி வாடகைக்கு எடுத்த கணினிகளில், மும்பையில் ஓடுகிறது. முதன்மைத் தளம் விழுந்தால் வேறொரு மண்டலத்தில் (அதே வட்டாரத்தில் தனியாக இயங்கும் தரவு மையத்தில்) தயாராக நிற்கும் தளம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இந்த ஃபெயில்ஓவருக்கு இப்போதைக்கு ‘தோல்வி மாற்றம்’ என்று போட்டிருக்கிறேன், வாயில் ஒட்டவில்லை. ‘கைமாற்று’ எப்படி? பழுது வந்தாலும் சேவை பெரும்பாலும் கிடைக்கும்படி வைக்கிற ஹை அவெய்லபிலிட்டிக்கு ‘இடையறாமை’, சேவை நின்றுபோகிற டவுன்டைமுக்கு ‘முடக்க நேரம்’ என்றும் எழுதியிருக்கிறேன். அண்ணன்மார், டீச்சர், பார்த்துச் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து:

> ‘கைமாற்று’ எப்படி?

வேண்டாம் தம்பி. நம்மூரில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்குகிற சில்லறைக் கடன். “ஒரு ஐந்நூறு கைமாற்றா தாங்க, வெள்ளிக்கிழமை தாறேன்” என்று தினமும் கேட்கிற சொல்லைக் கையேட்டில் போட்டால், தரவுத்தளம் யாரிடம் கடன் வாங்குகிறது என்று கடைக்காரர் கேட்பார்.

‘தோல்வி மாற்றம்’ அதைவிட மோசம். தோல்வியை மாற்றுவது என்றும் படிக்கலாம், தோற்றுப்போன மாற்றம் என்றும் படிக்கலாம். அதை விடுங்கள், இந்த மாற்றம் நடக்க எதுவும் தோற்கவே வேண்டாம். அமேசானின் மேகத் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இயங்குதளப் பராமரிப்பு வந்தால் முதலில் காத்திருக்கும் தளத்தைத்தான் சரிசெய்கிறார்கள். பிறகு அதை முதன்மையாக்கிவிட்டு, பழைய முதன்மையைப் பராமரிப்புக்கு எடுக்கிறார்கள். சோதித்துப் பார்க்க நாமே ‘ஃபெயில்ஓவரோடு ரீபூட்’ கொடுக்கலாம். இதில் எங்கே தோல்வி?

சொல்லுக்கு முன்னால் உள்ளே நடப்பதைப் பிடித்துக்கொள்வோம். முதன்மையில் எழுதுவதெல்லாம் உடனுக்குடன் மற்ற மண்டலத்துத் தளத்திலும் பதிவாகிறது. அங்கே பதிந்தாயிற்று என்ற உறுதி வந்த பிறகுதான் பில் முடிந்ததாகக் கடைக்குச் சொல்லும். அதனால், முடிந்ததாகச் சொன்ன பில் எதுவும் தொலையாது. முதன்மை விழுந்தால் தளத்தின் பெயர் அப்படியே இருக்கும், அந்தப் பெயர் காட்டும் ஐபி முகவரி மட்டும் மாறும். ஒரே ஒரு காத்திருப்புத் தளம் உள்ள அமைப்பில் இதற்கு வழக்கமாக 60 முதல் 120 வினாடி என்று அமேசானே சொல்கிறது. ஆக நடப்பது, ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் அதே பெயரில் நிற்பது.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பகரம். “இன்னைக்கு எனக்குப் பகரம் அவன் கடையில இருப்பான்.” காத்திருக்கும் தளம் ‘பகரத் தளம்’, அது வேலையை ஏற்பது ‘பகரமேற்பு’. தானாக நடந்தாலும் நாம் செய்தாலும், பழுதிலும் பராமரிப்பிலும், சொல் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் நகல்களைப் பகரம் என்று எழுதிவிடாதீர்கள். அவை பொதுவாகச் சற்றுப் பிந்தியே ஓடும். முதன்மை விழுந்தால் தாமாக முன்னுக்கு வராது, நாம்தான் உயர்த்த வேண்டும், உயர்த்தும்போது கடைசிச் சில பில்கள் விட்டுப்போயிருக்கலாம். ஆர்டிஎஸ்ஸின் ஒற்றைப் பகரத் தளமோ நேர் எதிர்: அதில் படிக்கவே முடியாது, சும்மா நிற்பதற்குத்தான் அதற்குக் காசு. ‘சும்மா நிற்பதற்கு எதற்குக் கூடுதல் பணம், அதில் அறிக்கையாவது ஓட்டக்கூடாதா’ என்று கடைக்காரர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘படிப்பு நகல்’ என்று தனிச் சொல் வைத்தால் பதில் சொல்ல எளிது.

அப்புறம், ‘இடையறாமை’ அழகான சொல், அதனால்தான் ஆபத்து. இரண்டு மண்டல அமைப்பு மாதத்தில் 99.95% நேரம் கிடைக்கும் என்பதுதான் அமேசான் தரும் உறுதி. 30 நாள் மாதத்தில் 21.6 நிமிடம் முடங்கினாலும் அந்த வாக்கு கெடவில்லை. இடையறாமை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓணத்துக்கு முந்தின நாள் இரண்டு நிமிடம் நின்றால் யார் பதில் சொல்வது? ‘உயர் கிடைப்பு’ போதும். ‘கிடைக்கும்தன்மை’ என்று வால் வைக்கவும் வேண்டாம்.

குழித்துறையிலிருந்து:

பகரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இலக்கணம் நடத்தியவளுக்குப் பகரம் என்றால் ‘ப’ என்ற எழுத்துதான். போதாததற்கு, இது மலையாளம் என்று திருச்சிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கிளம்பி வருவார்கள். ‘பதிலேற்பு’ எல்லா ஊருக்கும் புரியுமே?

தக்கலையிலிருந்து:

டீச்சர் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டால் வருவதும் பதில்தான். ‘பதிலேற்பு’ என்றால் வந்த பதிலை ஏற்றுக்கொள்வது என்று படிப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ‘பதிலி’யை ஏற்கெனவே, இடையில் நின்று இணைப்புகளைக் கடத்திவிடும் பிராக்ஸிக்குக் கொடுத்துவிட்டோம், அதே அத்தியாயத்தில் பிராக்ஸியும் வருகிறது. மலையாளம் என்கிற பேச்சுக்கு: இஸ்லாமியத் தமிழ் எழுத்தில் ‘அதற்குப் பகரமாக’ என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள், காயல்பட்டினத்தில் கேட்டுப் பாருங்கள். மலையாளத்திலும் இருக்கிறது என்பதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பதிலோ அரபியிலிருந்து வந்தது. எழுத்துப் பகரம் தரவுத்தளக் கையேட்டில் வர வழியில்லை, குழப்பம் வராது.

குளச்சலிலிருந்து:

சொல்லை நீங்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணுங்கள், எனக்குப் பகரம் பிடிச்சிருக்கு. நான் ‘முடக்க நேர’த்தைப் பற்றிப் பேச வந்தேன். யாருடைய முடக்கம்? தக்கலை அண்ணன் சொன்ன 60–120 வினாடி தரவுத்தளத்தின் கணக்கு. கடையில் திரை உறைந்து நிற்கிற நேரம் வேறு. தளம் மாறியாச்சு, ஆனால் நம் செயலி பழைய ஐபி முகவரியையே பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும். ஜாவா நிரல்மொழியில் எழுதியிருந்தால், பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸின் விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கிறது என்று பாருங்கள். சில அமைப்புகளில் ஜாவாவை நிறுத்தித் தொடங்கும்வரை அந்த நினைவு போகாது, அப்போ பகரமேற்பு முடிந்தும் கடை முடங்கியே கிடக்கும். செத்த இணைப்புகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக இணைய வேண்டும். பாதியில் அறுந்த பில்லை மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடி அனுப்பும்போது அதே பில் இரண்டாகிவிடக் கூடாது, அதனால் கடையிலேயே ஒவ்வொரு பில்லுக்கும் தனி எண் போட்டு அனுப்புங்கள், அந்த எண் முன்பே இருந்தால் தளம் தள்ளிவிடட்டும். இதெல்லாம் செய்யாமல் இரண்டு மண்டலத்துக்குக் காசு கட்டுவதில் அர்த்தமில்லை.

எனவே வரையறையில் ‘பயனர் வேலை செய்ய முடியாத நேரம்’ என்றே எழுதுங்கள். தரவுத்தளத்தின் நேரத்தை ‘ஏற்பு நேரம்’ என்று பிரித்துவிடலாம்.

இன்னொன்று மக்கா. பராமரிப்பை யாரும் இல்லாத நடுராத்திரியில் வை என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். பூச்சந்தைக்கும் மீன் ஏலத்துக்கும் அது சரிப்படாது, விடியுமுன்தான் அங்கே கூட்டம். மேக நிறுவனங்கள் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் கேட்கும். ராத்திரி 10 மணி என்று போட்டால் நமக்கு விடிகாலை 3.30. தோவாளைக்கு மத்தியானத்துக்குப் பிறகு வையுங்கள், ஓண வாரத்தில் வைக்கவே வேண்டாம். தரவுத்தளப் பதிப்பை உயர்த்துவதும் பகரமேற்பும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அமைப்பில் பதிப்பு உயர்த்தும்போது இரண்டு தளமும் ஒன்றாகத்தான் இறங்கும். அதற்கு நீலம்-பச்சை முறை இருக்கிறது: புதுப் பதிப்பில் ஒரு முழு நகலை ஓடவிட்டு, ஒத்து வந்ததும் மாறுவது.

ஒக்கி வந்த 2017 நவம்பர் 30-ஐ மறக்கவில்லையே? கம்பமெல்லாம் சாய்ந்து பல ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மும்பையின் மூன்று மண்டலமும் உயிரோடு இருந்து என்ன, கடையில் மோடம் எரியாவிட்டால்? கையில் எழுதும் பில் புத்தகத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு பத்தி வேண்டும்.

குழித்துறையிலிருந்து:

சரி, எழுத்துப் பகரத்தை நான் வகுப்பறையோடு வைத்துக்கொள்கிறேன். பகரமேற்பு இருக்கட்டும். வினையாக எழுதும்போது ‘பகரமேற்றது’ என்று இறுக்காமல் ‘பகரத் தளம் பொறுப்பேற்றது’ என்று அவிழ்த்து எழுதுங்கள், கடைக்காரர் முதல் வாசிப்பிலேயே பிடித்துக்கொள்வார். ‘ஏற்பு நேரம்’ எனக்குச் சம்மதம்.

காப்புநகலை (பழைய நிலையை மீட்க எடுத்து வைக்கும் பேக்கப்) கையேட்டில் எங்கே வைத்தீர்கள்? என் பேரன் கேட்டான்: பகரத் தளம் இருந்தால் காப்புநகல் எதற்கு?

தக்கலையிலிருந்து:

பேரன் சரியான இடத்தில் கேட்டிருக்கிறான். முதன்மையில் யாராவது தவறி ஒரு மாதத்துப் பில்லை அழித்தால் அந்த அழிப்பும் உடனுக்குடன் பகரத் தளத்துக்குப் போய்விடும். பகரம் காப்பாற்றுவது இயந்திரம் விழுந்தால். மனிதர் விழுத்தினால் காப்புநகல்தான் கதி. இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரட்டும். மும்பை முழுக்கவே போனால் என்ற கேள்விக்கு ஹைதராபாத்தில் ஒரு நகல் வைக்கலாம், 2022 முதல் அமேசானுக்கு அங்கேயும் தரவு மையங்கள் கொண்ட தனி வட்டாரம் உண்டு. ஆனால் அது பிந்தி ஓடும் நகல், பகரம் என்று எழுதக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து:

நன்றி. கையேட்டில் இப்படி மாற்றிவிட்டேன்: “முதன்மைத் தளம் முடங்கினால் பகரத் தளம் பொறுப்பேற்கும். இந்தப் பகரமேற்புக்கு ஓரிரு நிமிடம் ஆகலாம். அதுவரை பில் போட வேண்டாம், திரையையும் மூட வேண்டாம்.” தலைப்பு ‘உயர் கிடைப்பு’. ‘படிப்பு நகல்’, ‘ஏற்பு நேரம்’, ‘முடக்க நேரம்’ மூன்றும் சொல்பட்டியலில் ஏறிவிட்டன. பராமரிப்பு நேரத்தைப் பிற்பகல் 3.30 ஆக்கியிருக்கிறேன், யுடிசியில் காலை 10.

ஒரு சொல் பாக்கி. இணைப்பு அறுந்து, இரண்டு தளமும் தன்னையே முதன்மை என்று நினைத்துத் தனித்தனியே பில் எழுதத் தொடங்கும் நிலை, ஸ்ப்ளிட் பிரெய்ன். ஆர்டிஎஸ்ஸில் அதை அமேசானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் சொந்தமாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் அதன் பகரமேற்பைக் கவனிக்கும் பட்ரோனி மென்பொருளையும் வைத்து ஓட்டுகிறவர்கள், எது முதன்மை என்று முடிவுசெய்ய வாக்களிக்கும் உறுப்பினர்களைக் குறைந்தது மூன்று வைத்திருக்க வேண்டும், இரண்டு பேர் மட்டும் இருந்து இணைப்பு அறுந்தால் பெரும்பான்மை கிடைக்காது. ‘இருதலைமை’ என்று போட்டிருக்கிறேன். இருதலைக்கொள்ளி நினைவு வந்தாலும் பரவாயில்லையா, டீச்சர்?