அவித்த முட்டை கையில் வெடித்தது, ஃப்ரீசர் சாம்பாரும் ஆபத்தா?

கேள்வி:
நேற்று அவித்த முட்டையை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சுட வைத்தேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை, எடுத்துக் கரண்டியால் தொட்டதும் படாரென்று வெடித்து கையில் கொப்புளம். ஏன் இப்படி? இன்னொன்று, ஞாயிறு செய்யும் சாதம், சாம்பாரை ஃப்ரீசரில் வைத்து வாரம் முழுக்க அம்மாவுக்குக் கொடுக்கலாமா? அவருக்கு 70 வயது, அதனால்தான் பயமாக இருக்கிறது.

பதில் 1:
கொப்புளத்தை உடைக்காதீர்கள் அக்கா. சூடு பட்ட உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், ஐஸ் வேண்டாம். மஞ்சள்கருவுக்குள் இருக்கும் நீர்த்துளிகள் கொதிக்காமலே 100 டிகிரியைத் தாண்டிவிடும், தொட்டதும் மொத்தமாக ஆவியாகிறது. உரித்திருந்தாலும் இதேதான். முழு முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம்.

பதில் 2:
சாம்பாரைவிட சாதத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, சாதம் வெளியிலேயே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சாம்பாருக்கு டப்பாவில் கொஞ்சம் இடம் விடுங்கள், உறைந்தால் உப்பும். உருளைக்கிழங்கு போடாதீர்கள், சவசவவென்று ஆகிவிடும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் நடுவில் ஒருமுறை கிளறி, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒரே ஒரு தடவைதான்.

கேட்டவர்:
நன்றி. கண்ணாடி டப்பாவை ஃப்ரீசரிலிருந்து நேராக மைக்ரோவேவில் வைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம், விரிசல் விடும்.